"ரூபாய் பத்து பெறப்பட்டது": கடையில வச்ச பேமென்ட் பொட்டி, ஒண்ணேமுக்கா வருஷ அனுபவம்

மொதல்ல ஸ்டார சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. பொட்டிக்கு, அதான் க்யூஆர்ல காசு விழுந்தா சத்தமா சொல்ற சவுண்ட்பாக்ஸுக்கு, நாலரை, அத குடுத்த கம்பெனிக்கு ஒண்ணரை, ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா மூணு வருது. கம்பெனி பேர எழுதல. எழுதினா "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு ரிப்ளை வரும், அதோட சரி. அதுவும் இல்லாம பக்கத்து கடை எதிர் கடைன்னு விசாரிச்சதுல எந்த கம்பெனி பொட்டியா இருந்தாலும் கத கிட்டத்தட்ட ஒண்ணுதான், கலருதான் வேற.

நம்ம கடை வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்ல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல இருக்குற மேட்சிங் சென்டர். லைனிங், பிளவுஸ் பிட், ஃபால்ஸ், கேன்வாஸ், லேஸு, ஊக்கு, நூல்கண்டு. பெரிய கடைல பத்தாயிரத்துக்கு பொடவை எடுத்துட்டு அதுக்கு மேட்ச்சா 90 ரூபாய்க்கு லைனிங் தேடி அலையறவங்கதான் நம்ம கஸ்டமர். நைனா ஆரம்பிச்ச கடை, இப்ப நான் பாத்துக்கறேன், நைனா இன்னமும் சாயங்காலமானா வந்து கல்லா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துப்பாரு. பத்து ரூபா ஊக்குக்கு கூட ஃபோன நீட்டுற காலம், ஒரு நாளைக்கு நூறு தடவ "வந்துச்சா அக்கா"ன்னு கேப்பாங்க, ஒரு கைல கத்திரி ஒரு கைல துணி, நான் எங்க போய் ஃபோன எடுத்து பாக்கறது. 2024 பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு பையன் 1,450 ரூபாய்க்கு லைனிங்கும் லேஸும் வாங்கிட்டு, பச்ச டிக்கு போட்ட ஸ்க்ரீன காட்டிட்டு போயிட்டான். ராத்திரி கணக்கு பாத்தா அந்த காசு வரவே இல்ல, பழைய ஸ்க்ரீன்ஷாட்டு. அன்னைக்குதான் பொட்டி வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணேன். நைனா மட்டும் "துட்ட கண்ணால பாத்தாதாம்மா யாவாரம், காதால கேட்டுட்டு இன்னா பண்ணுவ"ன்னாரு.

வாங்கறதுக்குள்ள இன்னொரு கூத்து. அந்த ஜனவரி 31ஆம் தேதி பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மேல ஆர்பிஐ, அதான் ரிசர்வ் பேங்க், ஆர்டர் போட்டுச்சு, புதுசா டெபாசிட் வாங்கக் கூடாது, வாலட்ல காசு ஏத்தக் கூடாதுன்னு. மொதல்ல பிப்ரவரி 29 வரைக்கும் டைம் குடுத்தாங்க, அப்புறம் மார்ச் 15 ஆக்கினாங்க. வேற பேங்க் அக்கவுன்ட்டோட சேத்திருந்த க்யூஆர்லாம் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா தெருவுல யாருக்கு அந்த வித்தியாசம் தெரியும், ஸ்டிக்கர கிழிக்கணுமா வேணாமா, துட்டு வருமா வராதான்னு டீக்கடைல இதே பேச்சு. எனக்கு அப்ப தோணுனது என்னன்னா, ஒரு பக்கம் நாட்டுல மூலைக்கு மூலை ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்குற கம்பெனி, இன்னொரு பக்கம் மும்பைல இருந்து வந்த ஒரு ஆர்டர் பேப்பர், பேப்பர்தான் ஜெயிச்சுது. ஆர்பிஐ வேற கவர்மென்ட் வேறன்னு படிச்சவங்க சொல்லுவாங்க, கடைக்காரிக்கு ரெண்டும் ஒண்ணுதான். சரி, எவ்ளோ பெரிய கம்பெனியா இருந்தாலும் கவர்மென்ட் நெனச்சா சுவிட்ச்ச அமுக்கிடும் போலன்னு நெனச்சுகிட்டு, அந்த சத்தம் அடங்கட்டும்னு காத்திருந்து, மார்ச் கடைசில வேற ஒரு கம்பெனி பொட்டிய வாங்கினேன்.

பொட்டிய பத்தி சொல்லணும்னா, உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு, உள்ள ஒரு சிம்மு, பக்கத்துல சவுண்ட கூட்ட கொறைக்க பட்டன், கடைசியா வந்த பேமென்ட்ட திரும்ப சொல்ல ஒரு பட்டன். ராத்திரி சார்ஜ் போட்டா மறுநாள் கடை சாத்தற வரைக்கும் தாராளமா நிக்குது, கரன்ட்டு போனாலும் கவலை இல்ல. மழ நாள்ல சிக்னல் கொஞ்சம் மக்கர் பண்ணும், அப்ப நாலு பேமென்ட்ட சேத்து வச்சு படபடன்னு ஒப்பிக்கும், எது யாரோடதுன்னு தெரியாம நாலு கஸ்டமரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகிட்டு நிப்பாங்க. மத்தபடி தமிழ் சூப்பர். கொஞ்சம் ஓவராவே சூப்பர். "ரூபாய் நாற்பத்தைந்து பெறப்பட்டது"ன்னு ஆல் இந்தியா ரேடியோ நியூஸ் மாதிரி சொல்லும், வண்ணாரப்பேட்டைல எவன் நாற்பத்தைந்துன்னு சொல்றான், நாப்பத்தஞ்சுதான். எதிர் வீட்டு குட்டி பொண்ணு, யூகேஜி படிக்குது, அவங்கம்மா காசு குடுத்தா கூட "பெறப்பட்டது"ன்னு சொல்லிட்டுதான் வாங்குது இப்ப. ஏமாத்தறது சுத்தமா நின்னு போச்சு, பொட்டி பேசலன்னா துணிய பைல போட மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காகத்தான் அந்த நாலரை.

இப்ப ஒண்ணரை ஏன்னு சொல்றேன். மாசம் 125 ரூபா வாடகை, அக்கவுன்ட்ல இருந்து அதுவா எடுத்துக்கும். 2024 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கு, கூட்டம் சந்து வாசல் வரைக்கும் நிக்குது, மில்லுக்கு பணம் அனுப்பிட்டதால அன்னைக்கு காலைல அக்கவுன்ட்ல அந்த 125 இல்ல. பொட்டி வாய மூடிக்கிச்சு. காசு வருது, ஃபோன்ல மெசேஜ் வருது, பொட்டி மட்டும் பேசல. கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டா தமிழுக்கு ஒரு நம்பர அமுக்க சொல்லுது, அமுக்கினா ஒருத்தர் ஹிந்தில பேசறாரு, எனக்கு தெரிஞ்ச அர ஹிந்தில "தீபாவளி, பொட்டி, ஆவாஸ் நஹி"ன்னு கத்தறேன், பின்னாடி ஒரு அம்மா "மாம்பழ மஞ்சள்ல லைனிங் இருக்கா"ன்னு கேக்கறாங்க. 125 ரூபாய உடனே கட்டிட்டேன், பேச்சு திரும்ப வர நாலு நாள் ஆச்சு. இத மாட்டி விட்ட தம்பிக்கு ஃபோன் போட்டா அவன் அந்த கம்பெனிய விட்டு எப்பவோ வேற கம்பெனிக்கு போயிட்டான், "அக்கா அத தூக்கி பரண்ல போடுங்க, நம்ம பொட்டி ஒண்ணு வச்சு விடறேன், மூணு மாசம் வாடகையே இல்ல"ன்றான்.

வாய் மூடுன பொட்டிய கைல வச்சு பாத்துகிட்டிருந்தப்பதான் எனக்கு உறைச்சுது, காசு வர்ற வழி நிக்கல, சத்தம் மட்டும்தான் நின்னுருக்கு. ஏன்னா காசு வர்ற வழி கம்பெனியோடது இல்ல. யூபிஐன்றது என்பிசிஐ போட்ட ரோடு, 2008ல ஆர்பிஐயும் பேங்குங்களோட சங்கமும் சேந்து ஆரம்பிச்ச லாப நோக்கமில்லாத நிறுவனம் அது, 2016ல யூபிஐய விட்டாங்க, அந்த வருஷமே நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு அறிவிச்சதுல ஊரே ஃபோன் பக்கம் திரும்புச்சு. 2020 ஜனவரி 1ல இருந்து யூபிஐக்கும் நம்மூர் கார்டான ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் கெடையாது, அதாவது கடைக்காரன் கிட்ட இருந்து பேமென்ட்டுக்கு இவ்ளோ சதவீதம்னு எடுக்கக் கூடாதுன்னு கவர்மென்ட் சொல்லிடுச்சு. கேக்க நல்லாருக்கு, எனக்கும் நல்லதுதான். ஆனா பேமென்ட் ஆப் நடத்துறவனுக்கு செர்வரு, ஆளு, விளம்பரம் எல்லாம் செலவு இருக்குல்ல, சும்மாவா பண்ணுவான். கவர்மென்ட் கொஞ்சம் ஊக்கத்தொகை குடுக்குது, 2024-25க்கு மட்டும் 1,500 கோடி, சின்ன கடைங்கள்ல 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பேமென்ட்டுக்கு. அத பேங்கும் ஆப்புமா பங்கு போட்டுக்கணும், பத்துமா? அதனாலதான் பொட்டி வாடகை. ரோட்ல டோல் போடாதன்னு சொன்னா, ரோட்டோரம் தண்ணி பாட்டில் விக்கிற மாதிரி. என் 125 ரூபாயோட பூர்வீகம் அதுதான்.

தண்ணி பாட்டில் கூட பரவால்ல, லோன் இருக்கே அதான் மெயின் யாவாரம். மாசத்துக்கு ரெண்டு தடவ ஃபோன் வருது, "மேடம் உங்க டிரான்சாக்ஷன் பாத்தோம், 80,000 ப்ரீ-அப்ரூவ்டு, டெய்லி கொஞ்சம் கொஞ்சமா வர்ற காசுல இருந்தே கட் ஆயிடும், உங்களுக்கே தெரியாது". எனக்கே தெரியாதாம்! இதுக்கு எங்க ஏரியால தண்டல்னு பேரு, நூறு வருஷமா இருக்கு. தண்டல்காரராவது வாசல்ல வந்து நிப்பாரு, கடை மூடிருந்தா நாளைக்கு வரேன்னு போவாரு, வீட்ல சாவு விழுந்தா ரெண்டு நாள் விட்டு புடிப்பாரு. இது காலைல மொத போணி விழும்போதே எடுத்துக்கும். நான் வாங்கல, ஆனா ஆடி மாசம் எனக்கு எவ்ளோ டல்லு, ஆவணில எவ்ளோ முகூர்த்த யாவாரம்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது, அந்த கம்பெனிக்கு தெரியும்.

இந்த இடத்துல அக்கா பையன் ஒரு ஃபார்வர்டு அனுப்பிச்சான், "வால்மார்ட் ஒரு நாடா இருந்தா உலகத்துலயே இத்தனாவது பணக்கார நாடு"ன்னு. 2024 ஜனவரில முடிஞ்ச வருஷத்துல வால்மார்ட்ன்ற அந்த அமெரிக்க கடை கம்பெனியோட விற்பனை சுமாரா 64,800 கோடி டாலர், அது உண்மைதான், பல நாட்டோட ஜிடிபிய விட, அதாவது ஒரு வருஷத்துல நாடு சேக்குற மொத்த மதிப்ப விட, பெரிய நம்பரு. ஆனா பி.காம் படிச்சவன்னு ஒரு பேச்சுக்கு சொல்றேன், அது தப்பு கணக்குடா தம்பி. நான் 90 ரூபாய்க்கு லைனிங் வித்தா 75 ரூபா மில்லுக்கு போயிடும், நான் சேத்த மதிப்பு 15 ரூபாதான், ஜிடிபில அந்த 15தான் என் பேர்ல ஏறும். விற்பனைய ஜிடிபி பக்கத்துல வச்சு அளக்கறது, கல்லாவுல இருக்குற மொத்தத்தையும் லாபம்னு சொல்ற மாதிரி. அதுவும் இல்லாம, வால்மார்ட்டு பெருசுன்றதால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, அது நின்னா எனக்கு எது நிக்கும்ன்றதுதான் விஷயம். 2018ல வால்மார்ட்டு ஃப்ளிப்கார்ட்ட வாங்கினப்ப கூடவே ஃபோன்பேவும் அவங்க கைக்கு வந்துச்சு. இன்னைக்கு யூபிஐல ஃபோன்பேயும் கூகுள் பேயும் மட்டும் சேந்து நூத்துக்கு எம்பது கிட்ட. என் கடைக்கு வர்ற பத்து பேர்ல எட்டு பேரு அந்த ரெண்டுல ஒண்ணுதான்.

இது கவர்மென்ட்டுக்கு தெரியாம இல்ல. 2020 நவம்பர்லயே என்பிசிஐ ரூல் போட்டுச்சு, எந்த ஆப்பும் மொத்த பேமென்ட்ல 30 சதவீதத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது, ஏற்கனவே பெருசா இருக்கறவங்க 2022 முடியறதுக்குள்ள கொறைச்சுக்கணும்னு. 2022 வந்துச்சு, 2024 வரைக்கும் டைம் குடுத்தாங்க. 2024 வந்துச்சு, 2026 வரைக்கும்னாங்க. கோர்ட்டு வாய்தா மாதிரி. எப்படி கொறைப்பாங்க சொல்லுங்க, எங்க தெருவுல பத்துல எட்டு பேரோட ஃபோன்ல போய் "நீ இந்த ஆப்ப யூஸ் பண்ணாத"ன்னு சொல்ல முடியுமா, நாளைக்கே நிறுத்துனா எம்.சி. ரோடே ஸ்தம்பிச்சுடும், 2025 ஆகஸ்ட் மாசத்துல மட்டும் 2,000 கோடி பேமென்ட்ட தாண்டிருக்கு யூபிஐ. ஒரு பேமென்ட்ஸ் பேங்க நிறுத்த ஒரு பேப்பர் போதும், ஏன்னா அது நின்னாலும் ஊர் ஓடும். இந்த ரெண்டு ஆப்புக்கு அதே கவர்மென்ட்டு வாய்தா மேல வாய்தா குடுக்குது. என் பொட்டிக்கு 125 ரூபாய்க்கு வாய மூடுனாங்க, ஏன்னா நான் நின்னா யாருக்கும் ஒண்ணும் நிக்காது. அந்த மார்ச்ல நான் நெனச்ச சுவிட்ச்சு கணக்கு இங்கதான் தப்பாச்சு.

சரி அப்ப கவர்மென்ட்டு ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டு தனியா ரோடு போட்டுச்சு, விசா மாஸ்டர்கார்டே போதாதான்னு நைனா ஒரு நாள் கேட்டாரு. ரஷ்யா கதைய சொன்னேன். 2014ல அமெரிக்கா தடை போட்டப்ப விசாவும் மாஸ்டர்கார்டும் சில ரஷ்ய பேங்குங்களுக்கு சேவைய நிறுத்திடுச்சு, அந்த சூட்லதான் அவங்க மிர்னு சொந்தமா கார்டு ஆரம்பிச்சாங்க, 2022 மார்ச்ல ரெண்டு கம்பெனியும் ரஷ்யாவுல மொத்தமா கடைய கட்டிட்டு போனப்ப உள்நாட்டுல கார்டு தேய்க்கறது நிக்காம இருந்துச்சு. நம்மூர்ல 2012ல ரூபே வந்துச்சு. அத பிரதமரு தேச சேவைன்ற மாதிரி பேசி பரப்பறாருன்னு 2018ல மாஸ்டர்கார்டு அமெரிக்க அரசாங்கத்துகிட்ட போய் புகார் சொல்லிருக்கு. பாருங்க, கம்பெனி நேரா நம்ம கவர்மென்ட்டோட சண்ட போடல, அவங்க ஊர் பெரிய மனுசன கூட்டிட்டு வருது. அதே 2018ல ஆர்பிஐ இந்தியாவுல நடக்குற பேமென்ட் டேட்டாவ இந்தியாவுலயே வைக்கணும்னு சொல்லி, அத ஒழுங்கா பண்ணலன்னு 2021 ஜூலைல மாஸ்டர்கார்டு புது கார்டே குடுக்கக் கூடாதுன்னு தடுத்துச்சு, 2022 ஜூன்லதான் விட்டாங்க. சொந்த ரோடு இருந்ததால தைரியமா தடுக்க முடிஞ்சுதுன்றது என் எண்ணம். நைனா எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்ப இப்ப இந்த ரெண்டு ஆப்பும் யாருது"ன்னாரு. ரெண்டும் அமெரிக்க கம்பெனிங்க கைலதான் நைனான்னேன். "நல்லா போட்டாங்க ரோடு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டாரு.

எங்க ஏரியாக்காரங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லன்னு வைங்க. வண்ணாரப்பேட்டைன்ற பேரே கிழக்கிந்திய கம்பெனி ஏத்துமதி பண்ற துணிய வெளுக்க குடிவச்ச வண்ணாருங்களால வந்தது, நான் இன்னைக்கு அதே துணில 90 ரூபா லைனிங் விக்கறேன். இங்கேர்ந்து கொஞ்ச தூரம் போனா தங்கசாலை, பஸ்ல மின்ட்டுன்னு ஏறுவோமே அது, கம்பெனி காசு அடிச்ச எடம். அந்த பக்கம் வால்டாக்ஸ் ரோடு, ஊரச் சுத்தி கம்பெனி கட்டுன மதிலுக்கு ஊர்க்காரன் மேல வரி போட நெனச்சதுல வந்த பேரு. காசு அடிக்கறது, வரி போடறது, பட்டாளம் வச்சுக்கறது, இதெல்லாம் பண்ணா அதுக்கு பேரு கம்பெனியா கவர்மென்ட்டா? 1639ல கோட்டைக்கு எடம் வாங்குன கம்பெனிய லண்டன் பார்லிமென்ட்டும் ஒரே நாள்ல அடக்கல. 1773ல அது கடன்ல முழுகறப்ப 14 லட்சம் பவுண்டு குடுத்து தூக்கி விட்டு, அதோட சேத்துதான் கடிவாளத்தையே போட ஆரம்பிச்சாங்க. ஆட்சிய கைல இருந்து வாங்குனது 1858ல. அதுவும் 57ல நாடே பத்தி எரிஞ்சப்புறம். 85 வருஷ வாய்தா.

இத படிச்சுட்டு நான் கவர்மென்ட் கட்சின்னு நெனச்சுடாதீங்க. 2025 ஜூலைல பெங்களூர்ல இன்னா ஆச்சு, சின்ன சின்ன கடைக்காரங்களுக்கு யூபிஐல வந்த வரவ கணக்கு பாத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் விட்டாங்க, பேக்கரி, டீக்கடைலாம் "நோ யூபிஐ, கேஷ் ஒன்லி"ன்னு அட்டை மாட்டிட்டாங்க. பொருள் விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ண தேவயில்ல, ஆனா ஒரே க்யூஆர்ல கடை வரவும் வரும், மச்சான் திருப்பி குடுத்த கடனும் வரும், சீட்டு காசும் வரும், எது எதுன்னு பொட்டிக்கா தெரியும், எல்லாத்துக்கும் "பெறப்பட்டது"தான். சண்ட வந்தப்புறம் அங்க கவர்மென்ட் எறங்கி வந்துச்சு. ஆனா அந்த வாரம் எங்க சந்துலயும் ரெண்டு கடைல ஸ்டிக்கர திருப்பி வச்சிருந்தாங்க. கம்பெனியும் கவர்மென்ட்டும் அடிச்சுக்கறப்ப மட்டும்தான் பேப்பர்ல வருது, சேந்து வேல செய்யறப்ப நம்மள பத்தி கணக்கு எழுதறாங்க.

வாங்கலாமா வேணாமான்னு கேக்கறவங்களுக்கு: வாங்குங்க. கூட்டம் இருக்குற கடைக்கு இது இல்லாம முடியாது. ஆனா வாடகை எடுக்குற அக்கவுன்ட்ல எப்பவும் ஒரு 500 ரூபா தொடாம விடுங்க, மாட்டி விடற பையன் நம்பர நம்பாதீங்க, லோன் ஃபோன எடுக்காதீங்க, பேங்க்ல போய் அவங்களோட க்யூஆர் ஒண்ணும் கேட்டு வாங்கி பக்கத்துல ஒட்டிக்கோங்க. கடை வரவுக்குன்னு தனி அக்கவுன்ட்டு, மச்சான் கடனுக்கு வேற. அப்புறம் கல்லாவுல சில்ற. 2025 ஏப்ரல் 12, தமிழ் வருஷப் பொறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி சனிக்கெழம, நாடு முழுக்க யூபிஐ தடுமாறிச்சே, அன்னைக்கு எங்க சந்துல நோட்டுக்கு சில்ற வச்சிருந்த ஒரே ஆளு நைனாதான். எதிர் கடைக்காரரு 500 ரூபாய நீட்டிட்டு நிக்கறாரு, நைனா பத்து பத்தா எண்ணி குடுத்துட்டு, பொட்டி குரல்லயே, "ரூபாய் ஐநூறு பெறப்பட்டது"ன்னாரு.